மைலேஜ் கருவிகளுக்கு நம் கடையில் இடம் வேண்டுமா?



மோட்டார் உதிரி பாகங்களை மொத்த வியாபாரம் செய்யும் கடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், நம் சங்க உறுப்பினர்கள் அனைவரும் யோசிக்க வேண்டிய ஒரு விஷயத்தை இங்கே எழுத விரும்புகிறேன். மளிகை, ஜவுளி, இரும்புக் கடைக்காரர்கள் "இது மோட்டார்க் கடைக்காரர் சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மருந்துக் கடையில் உயரம் கூட்டும் மாவு, மின்சாதனக் கடையில் கரண்ட் பில்லைப் பாதியாக்கும் பெட்டி என்று ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் இந்தச் சரக்கின் தம்பி ஒருவன் நுழைந்துகொண்டுதான் இருக்கிறான். என் தொழிலில் அவனுக்குப் பெயர் 'மைலேஜ் கருவி'.

2021ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தொட்டது. அன்று முதல் இந்தக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வரும் விற்பனைப் பிரதிநிதிகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. மாதம் ஒருவராவது என் கடைப் படியேறுகிறார். வழவழப்பான அட்டைப் பெட்டி, கையில் ஒரு வீடியோ, "முப்பது சதவீதம் மிச்சம், பிக்கப் தனியாகத் தெரியும் அண்ணாச்சி" என்ற வாக்கு. கடைசியாக, நம்மை மடக்குகிற சொல்: "உங்களுக்கு ஐம்பது சதவீதம் கமிஷன்."

இந்த இடத்தில்தான் நாம் தடுமாறுகிறோம். ஃபில்டரிலும் பிரேக் ஷூவிலும் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நின்றால் பெரிது என்று கணக்குப் பார்க்கும் நமக்குப் பாதிக்குப் பாதி லாபம் என்றால் யோசனை வராமல் இருக்குமா? ஆனால் இவ்வளவு கமிஷன் ஏன் தருகிறான் என்று ஒரு நிமிடம் நின்று கேட்க வேண்டும். நல்ல சரக்குக்கு வாடிக்கையாளர் தானாகத் திரும்பி வருவார், அதற்குக் கமிஷன் குறைவாக இருந்தாலும் ஓடும். ஒருவரிடம் ஒரு தடவை மட்டுமே விற்க முடிகிற சரக்குக்குத்தான் கடைக்காரரின் நாக்குக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

வருகிற சரக்குகள்

இன்று சந்தையில் சுற்றுபவற்றை ஏழு வகையாகப் பிரிக்கலாம். பெட்ரோல் குழாயின்மீது மாட்டும் காந்தம். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் செருகி, காற்றைச் சுழற்றிவிடும் தகட்டு விசிறி. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் விளக்கு எரியும் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் செருகும் 'சிப்'. தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கி இன்ஜினுக்கு அனுப்பும் ஜாடி. டாங்கில் போடும் மாத்திரை அல்லது ஊற்றும் திரவம். இவை போக, பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்குக் காற்றுக் குழாயில் துளை போட்டுப் பொருத்தும் வால்வு.

இது புதிதாக முளைத்த வியாபாரமும் அல்ல. 1930களில் கனடா நாட்டு வின்னிபெக் நகரைச் சேர்ந்த சார்லஸ் நெல்சன் போக் என்பவர் ஒரு கார்புரேட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். அது காலனுக்கு 200 மைல் கொடுக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. இன்றுவரை எந்தச் சோதனைக் கூடமும் அதை மெய்ப்பிக்கவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் வண்டி ஓட்டுவதாகச் சொல்லி முதலீடு வாங்கினார். 1996இல் அங்குள்ள நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என்று தீர்ப்பளித்து, பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டது. அதே 1996இல் நம் மாநிலத்திலேயே மூலிகைப் பெட்ரோல் என்ற பேச்சு எழுந்து நாடெங்கும் பரவியது நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். சோதனைக் கூடத்துக்குப் போனதும் அந்தப் பேச்சு நிலைக்கவில்லை. ஆக, பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கதை வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

நூறு ரூபாய்க் கணக்கு

நான் இன்ஜினியர் அல்ல, பள்ளிப்படிப்போடு கடைக்கு வந்தவன். ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரிந்த எவருக்கும் புரியும் கணக்கு இது.

ஒரு வண்டிக்கு நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காக ஓடும் இன்ஜினில் அந்த நூறில் தொண்ணூற்றெட்டு ரூபாய்ப் பெட்ரோலுக்கு மேல் எரிந்துவிடுகிறது. எரியாமல் வெளியே போவது ஒன்றோ இரண்டோ ரூபாய்தான். பிறகு நஷ்டம் எங்கே? எரிந்த பெட்ரோலின் சக்தியில் பெரும்பகுதி, சுமார் அறுபது முதல் எழுபது ரூபாய் வரை, சூடாக ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் உராய்விலும் போய்விடுகிறது. மிச்சம்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது.

இப்போது மைலேஜ் கருவிக்காரர் சொல்வதைக் கேளுங்கள். "எங்கள் கருவி பெட்ரோலை முழுமையாக எரிக்கிறது, அதனால் முப்பது சதவீதம் மிச்சம்." எரியாமல் போவதே ஒன்றிரண்டு ரூபாய் என்றால் அதை முழுமையாக எரித்து முப்பது ரூபாய் மிச்சம் பிடிப்பது எப்படி? கல்லாவில் இரண்டு ரூபாய் குறைகிறது என்று கணக்கப்பிள்ளை சொல்லும்போது, அந்த ஓட்டையை அடைத்து முப்பது ரூபாய் லாபம் காட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால் நாம் நம்புவோமா?

அவர் பேச்சுக்கு இடம் கொடுத்து, ஒரு சதவீதம் மிச்சம் என்றே ஒப்புக்கொள்வோம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்தால் ஐம்பது லிட்டர், அதாவது ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய்ப் பெட்ரோல். அதில் ஒரு சதவீதம் ஐம்பது ரூபாய். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கருவியின் முதலை எடுக்கவே முப்பது மாதம் ஆகும். அதற்குள் பெட்டியில் உள்ள விளக்கு எரிவதை நிறுத்திவிடும்.

ஒவ்வொன்றையும் சுருக்கமாகப் பார்ப்போம். காந்தத்தை எடுத்துக்கொண்டால், பெட்ரோல் இரும்புத் தூள் அல்ல. காந்தத்துக்கு அது இழுபடுவதுமில்லை, அதன் மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்பதுமில்லை. காற்றுச் சுழற்றி விசிறியோ குழாய்க்குள் நிற்கும் ஒரு தடுப்பு. இன்ஜின் மூச்சு விடும் வழியில் துணியைச் செருகுவது போன்றதுதான். தண்ணீர் ஜாடிக்கு மின்சாரம் டைனமோவிலிருந்து வருகிறது, டைனமோவைச் சுற்றுவது அதே இன்ஜின். தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் சக்தியைவிட அந்த வாயு எரிந்து திரும்பத் தரும் சக்தி குறைவு. நூறு ரூபாய் கடன் வாங்கி அறுபது ரூபாயைத் திருப்பி வசூலிக்கும் வியாபாரம் அது.

சாக்கெட்டில் செருகும் சிப் விஷயம் வேடிக்கையானது. 2018இல் பிரான்ஸ் நாட்டுக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று, உலகமெங்கும் விற்பனையான அத்தகைய ஒரு கருவியை உடைத்துப் பார்த்தது. உள்ளே இருந்த சில்லு வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசவே இல்லை. விளக்குகளை மினுக்குவது மட்டுமே அதன் வேலையாக இருந்தது. இன்னொரு வகையில், சென்சார் கம்பியில் ஒரு சிறு ரெசிஸ்டரைச் சேர்த்து, உள்ளே வரும் காற்று குளிராக இருப்பதாக வண்டியின் கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறார்கள். அதை நம்பி அது கூடுதல் பெட்ரோலைப் பாய்ச்சுகிறது. 'மிச்சம் பிடிக்கும்' கருவியால் செலவு கூடுவது இப்படித்தான்.

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனையாகும் வண்டிகள் பி.எஸ். 6 தரத்தில் வருகின்றன. இவற்றில் சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் ஒவ்வொரு நொடியும் அளவு பார்த்துச் சொல்ல, வண்டியின் கம்ப்யூட்டர் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் பதினான்கே முக்கால் பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. நாம் வெளியிலிருந்து காற்றைக் கூட்டினால் அது பெட்ரோலையும் கூட்டிவிடும். கார்புரேட்டர் காலத்தில் செய்த குறுக்கு வேலைகூட இனி அந்த வண்டிகளில் செல்லாது.

சோதனை செய்தவர்கள் சொல்வது

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 1970களிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட இத்தகைய கருவிகளைச் சோதித்தும் பரிசீலித்தும் வந்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி மைலேஜைக் கூட்டிய கருவி என்று ஒன்றையும் அது காணவில்லை. மிகச் சில கருவிகளில் சிறிய வித்தியாசம் தெரிந்தது. அவற்றிலும் சில, புகை அளவைக் கெடுத்து அந்த வித்தியாசத்தைக் காட்டின. 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' என்ற அந்நாட்டு இதழ் 2005இல் சில கருவிகளை வாங்கிச் சோதனை மேடையில் பொருத்திப் பார்த்தது. காந்தத்தால் பலன் எதுவுமில்லை. காற்றுச் சுழற்றியைப் பொருத்தியபோது இன்ஜின் சக்தி குறைந்தது.

"கார் கம்பெனிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் சேர்ந்து இதை அமுக்கிவிட்டன" என்று பிரதிநிதி ஒரு பதில் வைத்திருப்பார். யோசித்துப் பாருங்கள். மைலேஜ் என்ற ஒரு சொல்லை வைத்தே நம் நாட்டில் வண்டி விற்கிறார்கள். லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடினாலும் அதைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறார்கள். போதாததற்கு, கம்பெனி விற்கும் கார்களின் சராசரிப் புகை அளவுக்கு மத்திய அரசு 2017இல் ஒரு வரம்பு வைத்து, 2022இல் அதை இன்னும் இறுக்கியது. அந்த வரம்புக்குள் வர அவர்கள் தகட்டின் எடையைக் குறைக்கிறார்கள், டயரை மாற்றுகிறார்கள், கோடி கோடியாகச் செலவழிக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்க் காந்தம் முப்பது சதவீதம் தருமானால், அதை முதலில் வாங்கி மாட்டுபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

புதியது எல்லாம் புரட்டு என்று நான் சொல்லவில்லை. எலக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியல் டயர், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், சிந்தெடிக் ஆயில் எல்லாமே ஒரு நாள் புதியவைதான். அவை சோதனைக் கூடத்தின் வாசல் வழியாக வந்தன, சந்தையில் நின்றன. கொல்லைப்புறமாக வருகிற சரக்கைப் பற்றித்தான் என் பேச்சு.

வாடிக்கையாளர் நன்றாக இருக்கிறது என்கிறாரே?

நம் உறுப்பினர்கள் சிலர் நேர்மையாகவே இப்படிக் கேட்கிறார்கள். "நான் விற்ற ஆட்களில் பாதிப் பேர் மைலேஜ் கூடியிருக்கிறது என்கிறார்கள், அவர்கள் பொய்யா சொல்கிறார்கள்?" பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அளக்கிற படி சரியில்லை.

முதலாவது, ஆயிரம் ரூபாய் செலவழித்தவர் அடுத்த ஒரு மாதம் மைலேஜையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார். ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகுகிறார். அதனால் கூடுகிறது. இரண்டாவது, கருவியைப் பொருத்தும் மெக்கானிக் அதோடு பிளக்கைத் துடைத்து, ஏர் ஃபில்டரை ஊதி, டயருக்குக் காற்றும் பிடித்து அனுப்புகிறார். வேலை செய்தது சர்வீஸ், பெயர் வாங்கியது காந்தம். மூன்றாவது, மைலேஜ் மிகவும் குறைந்துபோன சமயத்தில்தான் ஒருவர் இதைத் தேடி வருகிறார். மழைக்காலமோ ஊருக்குள் நெரிசலோ முடிந்தால் அது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்.

நான்காவது, பங்கில் டாங்கை நிரப்பிக் கணக்குப் பார்க்கும் முறை. ஒரு பைக் ஐந்து லிட்டரில் 225 கிலோமீட்டர் ஓடினால் லிட்டருக்கு 45. அடுத்த தடவை நிரப்பும்போது குழாய் சற்று முன்னதாக நின்று அரை லிட்டர் குறைவாக ஏறினால், அதே 225ஐ நாலரையால் வகுத்து ஐம்பது என்று சந்தோஷப்படுவார். வண்டியில் ஒரு மாற்றமும் இல்லாமலே பதினொரு சதவீதம் 'கூடிவிட்டது'. தராசு தட்டில் சற்று ஈரம் இருந்தாலே எடை மாறும் என்று தெரிந்த நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

நஷ்டம் யாருக்கு?

"விளையாட்டுச் சாமான் மாதிரிதானே, பலன் இல்லாவிட்டால் போகிறது" என்று விட்டுவிட முடியாது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர், வேறு இடத்தில் கொள்முதல் செய்த காற்று வால்வுகளைத் தம் ஊர் ஆட்டோ ஸ்டாண்டில் விற்றார். பன்னிரண்டு ஆட்டோ நிற்கும் ஸ்டாண்டு அது, ஆயில் முதல் கிளட்ச் கேபிள் வரை அவரிடமே வாங்கிக்கொண்டிருந்தவர்கள். கார்புரேட்டர் இன்ஜினில் காற்றை அளவுக்கு மேல் விட்டால் கலவை நீர்த்துப்போய் இன்ஜின் கொதிக்கும். ஓர் ஆட்டோவுக்கு பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டும் மனிதர் அவர். இன்ஜின் வேலைக்குக் கடன், நாலு நாள் வருமானம் போனது, வண்டி முதலாளியிடம் ஏச்சு. "அண்ணாச்சி கொடுத்தாருன்னுதானே மாட்டினேன்" என்று அவர் கடை வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தைக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. வால்வைக் கொண்டுவந்து போட்ட பிரதிநிதியின் செல் நம்பர் அதற்குள் வேலை செய்யவில்லை. அந்த ஸ்டாண்டு முழுவதும் ஆயில் வாங்க வேறு கடைக்குப் போய்விட்டது. ஒரு வால்வில் அவருக்கு நின்ற லாபம் நூற்றைம்பது ரூபாய். போனது பன்னிரண்டு வண்டியின் பல வருட வியாபாரம்.

ஏமாறுபவர் பெரும்பாலும் பணக்காரர் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுபவர், பால் வண்டிக்காரர், டெம்போ வைத்துக் காய்கறி ஏற்றுபவர் ஆகியோருக்குத்தான் தினம் ஐம்பது ரூபாய் மிச்சம் என்பது பெரிய ஆசை. அந்த ஆசையைத்தான் இந்தச் சரக்கு விலை பேசுகிறது.

சட்டம் கடைக்காரரைத் தொடும் இடம்

நம்மில் பலர், "நான் விற்றவன்தானே, பெட்டியில் எழுதியது தயாரித்தவன்" என்று நினைக்கிறார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பொருளால் ஆளுக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளரும் எப்போது பொறுப்பாவார் என்று அதன் 86ஆவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. நமக்கு முக்கியமானவை இரண்டு.

ஒன்று, தயாரிப்பாளர் தந்த உத்தரவாதத்துக்கு அப்பால் நாமாக ஒரு உத்தரவாதம் கொடுத்து, பொருள் அதற்கேற்ப இல்லாமல் போனால். அதாவது, பெட்டியில் எழுதாததை நாம் கல்லாவிலிருந்து "நான் கேரண்டி, முப்பது சதவீதம் கட்டாயம்" என்று சொன்னால். இரண்டு, தயாரித்தவர் யார் என்றே தெரியாமலோ, தெரிந்தாலும் நோட்டீஸ் சேர்ப்பிக்க முடியாமலோ, நம் நாட்டுச் சட்டத்துக்கு அவர் உட்படாமலோ இருந்தால். விலாசம் இல்லாத பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் இந்தக் கருவிகளில் பாதி இந்த இரண்டாவது வகையில்தான் அடங்கும். பிறகு வழக்கு வரும் விலாசம் நம் கடைப் பலகையில் இருக்கும் விலாசம்தான்.

பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் வருட எடையளவு விதிகளின்படி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை பெட்டியின்மேல் இருக்க வேண்டும். இல்லாத பெட்டியை அலமாரியில் வைப்பதே குற்றம். வண்டியைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் பதிவு செய்த அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. புது வண்டியில் கம்பியை வெட்டி எதையாவது இணைத்தால் கம்பெனி வாரண்டியும் கேள்விக்குறியாகும். வாரண்டி போனவர் முதலில் தேடி வருவது கருவியை விற்றவரைத்தான்.

நான் விற்காவிட்டால் அடுத்தவர் விற்பார்

நம் கூட்டங்களில் அடிக்கடி எழும் வாதம் இது. இன்று அடுத்த கடையைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, செல்போனிலேயே ஆர்டர் போட்டு வீட்டு வாசலில் வாங்கிக்கொள்கிறார்கள். உண்மைதான். ஆனால் இந்த வாதத்தையே சற்றுத் திருப்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆன்லைனில் வாங்க முடிகிற மனிதர் நம் கடைக்கு ஏன் வருகிறார்? விலைக்காக அல்ல. விலையில் பல சமயம் நம்மால் அவர்களோடு போட்டிபோட முடிவதில்லை. "இது என் வண்டிக்குச் சேருமா, அசலா, வேறு என்ன போடலாம்?" என்று கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு மனிதர் இங்கே இருக்கிறார் என்பதற்காகத்தான் வருகிறார். நம்மிடம் மிச்சமிருக்கும் முதல் அது ஒன்றே. அதையும் ஒரு காந்தத்துக்கு விற்றுவிட்டால் பிறகு எதை வைத்துக் கடை நடத்துவது?

திருவள்ளுவர் வணிகருக்கான குறளை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்பது அதன் கருத்து. ஆட்டோக்காரரின் இன்ஜினைத் தன் இன்ஜினாக நினைத்தால் அந்த வால்வை யாரும் விற்றிருக்க மாட்டார்கள்.

இதற்குப் பதில் விற்க என்ன இருக்கிறது?

மைலேஜ் கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே உதவும் சரக்கு நம் அலமாரியிலேயே இருக்கிறது.

டயர் காற்றை எடுத்துக்கொள்வோம். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. 32 இருக்க வேண்டிய காரில் 24 இருந்தால் 1.6 சதவீதம். நாம் மேலே பார்த்த ஐயாயிரம் ரூபாய்க் கணக்கில் மாதம் எண்பது ரூபாய். டயர் தேய்வது தனி. ஒரு டயர் கேஜ் விற்றால் நமக்கும் லாபம், அவருக்கும் லாபம்.

ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுப்போன வண்டியில் அதை மாற்றினால் நாற்பது சதவீதம் வரைகூட மைலேஜ் திரும்பக் கிடைக்கலாம் என்று அதே நாட்டு அரசு வழிகாட்டி சொல்கிறது. கருவிக்காரர் கனவில் சொல்லும் கணக்கு, பழுதான வண்டியில் நிஜமாகவே நடக்கும் இடம் இது. கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலைப் போட்டால் ஒன்றிரண்டு சதவீதம் வித்தியாசம் தெரியும். இழுத்துப் பிடிக்கும் பிரேக், தேய்ந்த பிளக், வழுக்கும் கிளட்ச் பிளேட், கார்புரேட்டர் வண்டியில் அடைத்துப்போன ஏர் ஃபில்டர் ஆகிய ஒவ்வொன்றும் பெட்ரோலைக் குடிக்கும். இவை எல்லாம் பில் போட்டு விற்கிற, மெக்கானிக்குக்கும் வேலை தருகிற நியாயமான சரக்குகள். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்லியும், சிக்னலில் இன்ஜினை அணைக்கச் சொல்லியும் மத்திய அரசின் பெட்ரோலியப் பொருள் சிக்கன ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அந்த அறிவுரையை ஒரு சீட்டில் அச்சடித்துப் பில்லோடு கொடுத்தால் காசு செலவில்லாமல் கடைக்குப் பெயர் வரும்.

சங்கத்துக்கு என் யோசனைகள்

1. மைலேஜ் கூடும், சக்தி கூடும் என்று சொல்லி எந்தக் கருவி வந்தாலும், அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் அறிக்கையைக் கேட்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, மானேசரில் ஐகேட் இருக்கிறது, நம் சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் சோதனை மையம் இருக்கிறது. வீடியோவும் வாடிக்கையாளர் கடிதமும் அறிக்கை ஆகாது. அறிக்கையில் எந்த வண்டி, எந்த முறை, எவ்வளவு வித்தியாசம் என்று எழுதியிருக்க வேண்டும்.

2. ஜி.எஸ்.டி. பில், பெட்டியில் முழு விலாசம், விற்காத சரக்கைத் திருப்பி எடுக்கும் எழுத்துபூர்வ ஒப்புதல் ஆகிய மூன்றும் இல்லாமல் கொள்முதல் செய்யக் கூடாது. இந்த மூன்றையும் கேட்டாலே பாதிப் பிரதிநிதிகள் அடுத்த முறை வரமாட்டார்கள்.

3. கல்லாவில் உட்காரும் பிள்ளைகளுக்கும் கவுண்டரில் நிற்கும் ஊழியர்களுக்கும், பெட்டியில் இல்லாத கேரண்டியை வாயால் கொடுக்கக் கூடாது என்று முதலாளிகள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

4. இத்தகைய சரக்கைக் கொண்டுவந்து, பணத்தை வாங்கிக்கொண்டு மறையும் ஏஜெண்டுகளின் விவரத்தை உறுப்பினர்கள் சங்க அலுவலகத்துக்குத் தெரிவித்தால், மற்ற ஊர்க் கிளைகளுக்கும் எச்சரிக்கை அனுப்பலாம். பாக்கி வைத்து ஓடும் வாடிக்கையாளரைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இல்லையா, அது போலத்தான்.

5. மெக்கானிக் நண்பர்களையும் ஒரு நாள் கூட்டத்துக்கு அழைத்துப் பேச வேண்டும். கருவியைப் பொருத்தும் கை அவர்களுடையது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சரக்கு நிற்காது.

இதனால் மாதம் சில ஆயிரம் ரூபாய் லாபம் போகும் என்று சில உறுப்பினர்கள் நினைக்கலாம். போகட்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. நம் கடைகளில் பல, தகப்பனார் காலத்திலும் பாட்டனார் காலத்திலும் போட்ட பலகையோடு இன்றும் நிற்கின்றன. "அந்தக் கடையில் வாங்கினால் தப்பு இருக்காது" என்று ஊர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கமிஷனும் கிடையாது, அதை வேறு எங்கும் கொள்முதல் செய்யவும் முடியாது.

வருகிற பொதுக்குழுவில் இந்த யோசனைகளை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டு தீர்மானமாக நிறைவேற்ற ஆவன செய்யுமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்துள்ள உறுப்பினர்கள் இதே இதழில் எழுதினால் அதையும் மகிழ்ச்சியோடு வாசிப்பேன்.